சுடாத வெளிச்சம்

குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அந்த ஆய்வகத்தில் இல்லை.

சீடரின் பெயர் தெய்வசிகாமணி. கடலோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் நிலக்கரியைச் சோதித்துக்கொண்டிருந்தவர். சோதிப்பது என்றால் எரிப்பது. வேகன் வேகனாகக் கரி வந்து இறங்கும். அதில் ஒரு கிராம் பீங்கான் கிண்ணத்தில் ஏறி உலைக்குள் போகும். மிஞ்சிய சாம்பலை நிறுத்துப் பார்த்து, இந்தக் கரியின் யோக்கியதை இவ்வளவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ‘எரிச்சாத்தான் தெரியும்’ என்பது அங்கே வேதவாக்கு.

ஒருநாள் கிண்ணத்தில் போடுவதற்காக ஒரு கட்டியை உடைத்தார். உடைந்த முகத்தில் ஓர் இலை படுத்திருந்தது. நடுநரம்பும், அதிலிருந்து பிரியும் சன்னமான நரம்புகளும் அப்படியே இருந்தன. அன்றைக்கு அவருக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. நாற்பத்தொன்பதாவது வயதில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினார்.

“கரியில படிக்க என்னய்யா இருக்கு? எரியுமா, எரியாதா, அவ்வளவுதானே?” என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள்.

அவரிடம் பதில் இல்லை. இல்லாததால்தான் குரு ஜுலைகாவிடம் வந்து சேர்ந்தார்.

முனைவர் ஜுலைகா அதிகம் பேசமாட்டார். முதல் நாள் அவர் செய்தது ஒன்றே ஒன்று. கோதாவரிப் படுகையில் முன்னூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஒரு கரித்துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, “பாருங்க சார்” என்றார்.

சிகாமணி குனிந்து பார்த்தார். கறுப்பைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சின்ன அறைகள், வரிசை வரிசையாக, தேனடையை யாரோ லேசாக அமுக்கிவிட்டதுபோல.

“இது என்ன மேடம், அறை அறையா?”

“மரம் சார். தண்ணி ஏறிப் போன வழி.”

“எப்போ போச்சு?”

“இருபத்தேழு கோடி வருஷம் இருக்கும். அப்போ உலகத்துல பூன்னு ஒண்ணு கிடையாது. எந்தச் செடியும் பூத்ததில்லை.”

சிகாமணி வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, “இதையா நான் எரிச்சுக்கிட்டு இருந்தேன்?” என்று மட்டும் கேட்டார்.

பூமிக்குள் கரி எவ்வளவு சூடு பட்டது என்று அளக்கும் கருவி தனி அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், தூசு ஆகாது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் லேசர் பெட்டியின் நெற்றியில் அடுத்த பூஜைவரை இருக்கும். பெட்டியிலிருந்து வரும் பச்சை ஒளி, மைக்ரோஸ்கோப் வழியே இறங்கி, தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியில் போய் விழும். திரும்பி வருவதில் ஏறக்குறைய எல்லாம் அதே பச்சையாகவே வரும். கோடியில் ஒன்று மட்டும், உள்ளே அணுக்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தன்னில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால் உள்ளே எது எப்படி ஆடுகிறது என்று தெரிந்துவிடும். ராமன் முறை என்பது இதுதான்.

கரியில் வைத்தால் திரையில் இரண்டு மேடுகள் எழும். ஒன்று, ஆறு ஆறாகக் கைகோத்து வளையமாக நிற்கும் கார்பன் அணுக்களுடையது. மற்றது, அந்தக் கைகோப்பு அறுந்த இடங்களைச் சொல்வது. பூமிக்குள் கரி பட்ட சூடு கூடக்கூட இரண்டு மேடும் ஒடுங்கும், நடுப்பள்ளம் ஆழமாகும்.

இரண்டாம் வருடம் ஜுலைகா ஓராண்டு வெளிநாட்டு ஆய்வுக்குப் போனார். அந்த ஓராண்டில் சிகாமணி தனியாக நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அளந்தார். வந்த முடிவு அவரையே திடுக்கிட வைத்தது. அந்தக் கோதாவரிக் கரி, அது கிடந்த ஆழத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சூடு பட்டிருந்தது. அப்படியானால் பூமியின் வயிற்றிலிருந்து கொதிக்கும் பாறைக்குழம்பு ஒன்று என்றோ அதன் பக்கமாக ஏறி வந்திருக்கவேண்டும். இதுவரை ஒருவர் கண்ணிலும் படாத பாறை!

ஒரு பெரிய ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. பரிசீலித்த நடுவர்கள் இரண்டு பேரும் மெச்சினார்கள். ஆய்வேடும் தயாரானது. இனி குருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் தைக்குள் பட்டம் வந்துவிடும். தையில்தான் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் ‘முனைவர் வே. தெய்வசிகாமணி’ என்று போட்டால் எப்படியிருக்கும் என்று அச்சகத்தில் ஒரு மாதிரிகூட அடித்துப் பார்த்தாயிற்று.

ஆய்வேடு மூன்று நாளாக ஜுலைகாவின் மேசையில் கிடந்தது. மூன்று நாளும் ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தது.

நாலாம் நாள் காலை சிகாமணி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

“மேடம், அந்தக் கையெழுத்து...”

“எண்பத்தேழாம் பக்கத்துல, ‘ஒளியின் அளவு தேவைக்கேற்பச் சரிசெய்யப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு சார்?”

“பத்து மேடம். பத்து சதவீதம்.”

“நான் வெளிநாடு போறப்போ ஒண்ணுக்கும் கீழதானே வெச்சிருந்தோம்?”

“அதுல ஒண்ணும் தேறலை மேடம். வெறும் இரைச்சல், திரை பூரா முள்ளு முள்ளா. அஞ்சு துறைக்காரங்க பங்கு போட்டுக்கிற கருவி. நமக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் விட்டாங்க. பத்துக்கு ஏத்தினேன். முப்பதே செகண்டு, பளிச்சுன்னு வந்துடுச்சு.”

அதைச் சொல்லும்போது சிகாமணியின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அனல்மின் நிலையத்தில் யாருக்கும் வராத சூட்சுமம் தனக்கு வந்துவிட்ட பெருமை.

ஜுலைகா எழுந்தார்.

“அந்தக் கரியை எடுத்துட்டு வாங்க சார்.”

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஜுலைகா லேசரைப் போடவில்லை. மைக்ரோஸ்கோப்பின் வெள்ளை விளக்கை மட்டும் போட்டார்.

“நீங்க முதல்ல அளந்த வரிசை எங்கே?”

ஊசியால் கீறிவைத்த அடையாளத்திலிருந்து சிகாமணி மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். நின்றார்.

“என்ன தெரியுது?”

“புள்ளி மேடம். வரிசையா, கோலத்துக்கு வெச்ச மாதிரி. ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு குழி. சுத்தி வெளுப்பா ஒரு வளையம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “தூசா இருக்குமோ?”

“எண்ணுங்க.”

எண்ணினார். இருபது. தன் நோட்டைப் புரட்டினார். முதல் வரிசைக்கு இருபது அளவுகள்.

“அளந்து முடிச்சப்புறம் அந்த இடத்தை ஒரு தடவையாவது பார்த்தீங்களா சார்?”

“முன்னாடி பார்ப்பேன் மேடம், நல்ல இடந்தானான்னு. முடிஞ்சதும் அடுத்த புள்ளிக்குப் போயிடுவேன்.”

“நானூத்துப் பன்னிரண்டு தடவையும்?”

சிகாமணி நோட்டை மூடினார்.

“புது இடம் ஒண்ணுக்குப் போங்க. பத்திலேயே வைங்க. பத்து பத்து செகண்டா மூணு தடவை எடுங்க. நகர்த்தவேண்டாம்.”

லேசர் விழுந்தது. பத்து செகண்டில் முதல் கோடு வந்தது. இரண்டாவது கோடு வந்தபோது மேடுகள் கொஞ்சம் ஒடுங்கியிருந்தன. மூன்றாவதில் நடுப்பள்ளம் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. மூன்றாவது கோட்டை சிகாமணிக்கு நன்றாகத் தெரியும். ஆய்விதழுக்குப் போன படத்தில் இருந்தது அதன் அச்சு அசல்.

“இந்த மாற்றத்தைப் பண்ண பூமிக்கு எவ்வளவு நாள் ஆகும் சார்?”

“நாளா? லட்சக்கணக்குல வருஷம் ஆகும் மேடம்.”

“நமக்கு முப்பது செகண்டு.”

சிகாமணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாறைக்குழம்பு ஏறி வந்துச்சுன்னு எழுதினேனே மேடம்...” என்றார் கடைசியாக. “அது நான்தானா?”

ஜுலைகா லேசரை அணைத்தார்.

சிகாமணி வெளியே வந்து, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பாவம், அந்த நேரம் பார்த்தா போன் அடிக்கவேண்டும்? மனைவி ஜெயக்கொடி.

“ஏங்க, பிரஸ்காரர் வந்து நிக்கிறார். பேருக்கு முன்னால முனைவர் போடலாமா, வேண்டாமா?”

“கொஞ்சம் பொறு ஜெயக்கொடி.”

“இன்னும் என்ன பொறுக்கிறது? நாலு வருஷமாச் சொல்றீங்க. சம்பந்தி வீட்டுல நாலு பேருகிட்டச் சொல்லியாச்சு. உங்களுக்கு வாக்கப்பட்டேனா, கரிக்கு வாக்கப்பட்டேனான்னே எனக்குத் தெரியலை.”

“பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்.”

உள்ளே போனார். ஜுலைகா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ரெண்டு நடுவரும் பார்த்துட்டாங்க. அவங்களுக்கே பிடிபடலை. இனிமே யார் வந்து அந்தப் புள்ளியை எண்ணப் போறா? நாம வாயைத் திறக்கலைன்னா...”

வாக்கியம் அங்கேயே நின்றது. அதற்கு மேல் அதைத் தள்ள அவருக்கும் தெம்பில்லை.

“உங்க பேரும் அதுல இருக்கு மேடம்” என்றார், குரலை இறக்கி.

“தெரியும். ரெண்டாவது பேர். நானும் படத்தைத்தான் பார்த்தேன் சார். கரியைப் பார்க்கலை.”

ஜுலைகா கருவியின் பக்கம் திரும்பினார். ஒளியைக் குறைக்கும் ஃபில்டரைத் திருகினார். பத்திலிருந்து ஒன்றுக்கு வந்தது. ஒன்றிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. புள்ளிகளை விட்டு வெகுதூரம் தள்ளி, யாரும் தொடாத சாம்பல் சமவெளியில் ஓர் இடம் பார்த்து நிறுத்தினார்.

“உக்காருங்க.”

“இதுல ஒண்ணும் வராது மேடம். நான்தான் பார்த்தேனே.”

“எவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“ஒரு நிமிஷம்... ஒண்ணரை நிமிஷம் இருக்கும்.”

“முக்கால் மணி நேரம் பாருங்க.”

“நம்ம நேரம்...”

“இன்னைக்குப் பூரா என் பேர்ல எழுதி வெச்சிருக்கேன்.”

விளக்குகள் அணைந்தன. மேசையைத் தொடக்கூடாது. எழுந்து நடக்கக்கூடாது. ஒரு காலடி அதிர்ந்தாலும் அந்தப் புள்ளி நழுவிவிடும். சிகாமணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் நெருஞ்சிமுள்ளாகக் குத்திக் குத்தி நின்றது இரைச்சல். அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஐந்து நிமிடம் போனது.

“மேடம், உள்ளே இப்போ என்ன நடக்குது?”

“வெளிச்சம் போய்க்கிட்டு இருக்கு.”

“இவ்வளவு கம்மியா வெச்சமே, எவ்வளவு போகும்?”

“ஒண்ணு போட்டு, பக்கத்துல பதினாலு சைபர் போடுங்க. செகண்டுக்கு அவ்வளவு.”

சிகாமணி மனதுக்குள் சைபர்களைப் போட்டுப் பார்த்தார். நடுவில் கணக்கு தப்பியது.

“அவ்வளவும் திரும்பி வருமா?”

“பாதிக்கு மேல கரியே வெச்சுக்கும். வர்றதும் போன மாதிரியே வரும். கரியைப் பார்த்துட்டு வந்த அடையாளமே இருக்காது. கோடியில ஒண்ணுதான் உள்ள இருக்கிறதைக் கேட்டுட்டு வரும்.”

“அந்த ஒண்ணுக்காகவா இத்தனையும்?”

“ஆமா சார்.”

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் முட்கள் கொஞ்சம் தணிந்தன. கண் மயக்கமோ என்று நினைத்தார். இல்லை. வலது பக்கம் ஏதோ லேசாக உயர்ந்திருந்தது. வெயில் ஏறும்போது பனிக்குள்ளிருந்து மலை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருமே, அதுபோல. யாரும் அதை இழுத்துக் கொண்டுவரவில்லை. அதுவாக வந்துகொண்டிருந்தது. பிறகு இடது பக்கத்திலும் ஒன்று எழுந்தது. அரை மணி நேரம் தாண்டியபோது இரண்டு மேடுகளும் நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளமும் நின்றன.

அவர் இதுவரை வரைந்த நானூற்றுப் பன்னிரண்டு கோடுகளில் ஒன்றுகூட இப்படி இல்லை. அகலமான, அவசரமே இல்லாத மேடுகள். எந்தப் பாறைக்குழம்பும் இதன் பக்கம் வந்ததில்லை. தன் ஆழத்துக்கு உண்டான வெதுவெதுப்பைத் தவிர வேறு சூடு அறியாத கரி.

சிகாமணிக்குத் தன் பழைய உலை ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் கிராம் அவர் கையால் உலைக்குள் போயிருக்கும்! அத்தனைக்கும் மதிப்பெண் போட்டவர் அவர். ஒன்றையாவது அது இருந்தபடி பார்த்ததில்லை.

“மேடம்” என்றார். “ஆட்டம் ஆட்டம்னு சொல்றோமே. இது இப்பவும் ஆடிக்கிட்டா இருக்கு?”

“செகண்டுக்கு நாப்பத்தெட்டு லட்சம் கோடி தடவை.”

“நாம லேசர் அடிக்கிறதாலயா?”

“இல்லை சார். அந்தக் கார்பன் வளையம் உண்டான நாள்லேர்ந்து. ஒரு செகண்டுகூட நின்னதில்லை.”

முன்னூறு மீட்டர் மண்ணுக்கு அடியில், துளி வெளிச்சம் இல்லாத இடத்தில், பார்க்க ஒரு கண்கூட இல்லாமல். முதல் பூ பூத்ததும் பறவைகள் வந்ததும் மனிதன் வந்ததும் மேலே எங்கோ நடந்திருக்கின்றன. இது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சிகாமணி தன்னை அறியாமல் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் முடிந்து கருவி தானே நின்றது. ஜுலைகா கோட்டைச் சேமித்தார்.

சிகாமணி கொஞ்சநேரம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

“நானூத்துப் பன்னிரண்டு இடம். ஒண்ணுக்கு முக்கால் மணி. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். மூணு வருஷம் ஆகும் மேடம்.”

“ஆகும்.”

“எனக்கு ஐம்பத்தாறு ஆயிடும்.”

“எப்படியும் ஆகும் சார்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. திரையைப் பார்த்தார், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை எடுக்கட்டுமா? உறுதி பண்ணிக்க.”

“எங்கே?”

“அதே இடத்துலதான்.”

ஜுலைகா நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டார். சிகாமணி ஃபில்டர் எதில் நிற்கிறது என்று இரண்டு தரம் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஓடத் தொடங்கியதும் இருவரும் பூனைபோல நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

ஆய்விதழ் ஆசிரியருக்குக் கடிதத்தை அவர் தன் போனிலேயே அடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால், நிதானமாக. கட்டுரையில் சொன்ன வெப்பம் பூமியினுடையது அல்ல, அளந்த ஒளியினுடையது. ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். மூன்றே வரி. ஜுலைகா வாங்கிப் படித்தார். அடியில் தன் பெயரையும் சேர்த்து, அவரே அனுப்பினார்.

அப்புறம் சிகாமணி வீட்டுக்குப் பேசினார்.

“ஜெயக்கொடி, வெறும் பேரு போதும்னு சொல்லிடு.”



“சம்பந்தி கேட்டா என்ன சொல்ல?”

“அளக்கப் போன இடத்துல கரியைச் சுட்டுட்டார், திரும்ப முதல்லேர்ந்து பண்றார்னு சொல்லு.”

“கரியைச் சுடாம பின்ன எதுக்காம் கரி?”

சிகாமணி வாய்விட்டுச் சிரித்தார். ஜுலைகாவும் சிரித்துவிட்டார். போனில் ஜெயக்கொடி, “இதுல சிரிப்பு வேறயா?” என்று வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. கதவைத் திறந்து உள்ளே போனார்கள். கருவி நின்றிருந்தது. சிகாமணி திரைக்கு முன்னால் போய் நின்று முகத்தைச் சுளித்தார்.

“ரெண்டாவது வரலையே மேடம். ஒரு கோடுதான் இருக்கு.”

“பெரிசாக்கிப் பாருங்க.”

பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அப்போதுதான் கோட்டின் விளிம்பில் வேறொரு நிறம் மயிரிழையாகத் தெரிந்தது. மேட்டில் மேடாக, பள்ளத்தில் பள்ளமாக, முதல் கோட்டின் மேலேயே இரண்டாவது படுத்திருந்தது.

யாரும் சொல்லாமலே சிகாமணி மைக்ரோஸ்கோப்புக்குப் போனார். வெள்ளை விளக்கைப் போட்டுக் குனிந்தார். இடது பக்கம் தேடினார். வலது பக்கம் தேடினார். சாம்பல் சமவெளி எந்தக் கீறலும் இல்லாமல் விரிந்து கிடந்தது.

“எங்கே எடுத்தோம்னே தெரியலை மேடம்” என்றார், கண்ணை எடுக்காமல். “ஒண்ணரை மணி நேரம் இங்கேயேதானே வெளிச்சம் விட்டுக்கிட்டு இருந்தோம்?”

“நாம இருந்தோம் சார்” என்றார் ஜுலைகா. “அதுக்குத் தெரியாது.”